வேலியும் ஊரும்: ஒரு சொல்லின் உறவுகளைத் தேடும் முறை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களில், வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமுமாகப் பேசி வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன், தாராபுரம் பக்கத்திலிருந்து செம்மறியாடு ஓட்டி வந்த ஒருவர், காலையில் தேநீர்க்கடைப் பலகையில் உட்கார்ந்து, “ராத்திரி பூரா பட்டியிலதான் படுத்திருந்தேனுங்க சேட்டா, கொசு தின்னுபோட்டுது” என்றார். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த சேட்டன் கையை நிறுத்திவிட்டு, “பட்டியுடெ கூடெயோ?” என்று கேட்டார். ஆட்டுக்காரர் சொன்னது ஆடுகளை அடைக்கும் பட்டி. சேட்டன் காதில் விழுந்தது மலையாளத்துப் பட்டி, அதாவது நாய்.

ஓசையில் ஒன்றாக இருப்பவை இரண்டு வேறு சொற்களாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. மறுபுறம், தமிழின் ‘வேலி’யும் கன்னடத்தின் ‘பேலி’யும் முதலெழுத்திலேயே பிரிந்து நின்றாலும் அவை ஒரே சொல்லின் இரண்டு வடிவங்கள். இந்த இரண்டையும் பிரித்தறிவதற்கான முறையைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன். அதற்கு எடுத்துக்காட்டாக, நாம் அனைவரும் அன்றாடம் பயன்படுத்தும் ‘டவுன்’ என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் அதன் உடன்பிறப்புகளைத் தேடுவோம். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஐஸ்லாந்து மொழி, நார்வே மொழி, சுவீடன் மொழி, டேனிஷ் ஆகியவை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நமக்குத் தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு எப்படியோ, அவர்களுக்கு அவை அப்படி.

முதலில் பழைய வடிவத்தைக் கண்டுபிடியுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தை அகலவாட்டில் திருப்பி, ஐந்து கட்டங்கள் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மொழி, இன்றைய வடிவம், எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய வடிவம், பொருள், வந்த வழி என்று தலைப்பிடுங்கள். இவற்றுள் மூன்றாவது கட்டத்தைத்தான் பெரும்பாலோர் நிரப்பாமல் விடுகிறார்கள். பிழைகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

‘டவுன்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘டூன்’ என்று, நெடில் ஊகாரத்துடன் இருந்தது. அதன் பொருள் நகரம் அன்று. அடைக்கப்பட்ட இடம், வளைப்பு, பண்ணை வீடு, அதைச் சூழ்ந்த சிற்றூர் என்பவையே அதன் பொருள்கள். இங்கிலாந்தின் ஊர்ப்பெயர்களில் கடைசியில் வரும் ‘டன்’ பல இடங்களில் இந்தச் சொல்தான். கிங்ஸ்டன், சவுத்தாம்ப்டன், பிரைட்டன் ஆகியவை அப்படிப்பட்டவை. அமெரிக்கத் தலைநகரின் பெயராக இன்று உலகம் அறிந்த வாஷிங்டனும் முதலில் இங்கிலாந்திலுள்ள ஓர் ஊரின் பெயர். ஆனால் ‘டன்’ என்று முடிவதெல்லாம் இதுவே என்று எண்ணிவிடக் கூடாது. லண்டன் ரோமானியர் காலத்திலேயே ‘லோந்தினியம்’ என்று எழுதப்பட்டது. அதற்கும் நம் சொல்லுக்கும் தொடர்பில்லை. ஸ்விண்டன் என்ற ஊர்ப்பெயரில் இருப்பது குன்றைக் குறிக்கும் வேறொரு பழஞ்சொல். பழைய வடிவத்தைப் பார்க்காமல் தமிழ் எழுத்தில் எழுதி ஒப்பிட்டிருந்தால் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியிருப்போம்.

ஒற்றைச் சொல்லை நம்பாமல் வரிசையைத் தேடுங்கள்

இந்த முறையின் உயிர்நிலை இதுதான் என்பதால் இங்கே சற்று நிதானமாக நிற்க வேண்டும். இரண்டு மொழிகளில் இரண்டு சொற்கள் ஒத்திருப்பது எதையும் நிறுவாது. ஒரு மொழியில் ஓர் ஒலி வரும் இடங்களில் எல்லாம் மற்ற மொழியில் குறிப்பிட்ட வேறோர் ஒலி தவறாமல் வருகிறதா என்பதே கேள்வி. நமக்கு இது புதிதல்ல. மலை, தலை, இலை, மழை, வாழை என்று நாம் சொல்பவற்றை மலையாளத்தில் மல, தல, இல, மழ, வாழ என்கிறார்கள். எல்லையில் வளரும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் இந்த மாற்றம் நாவில் இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே அது ‘விலை’யை ‘வில’ ஆக்கிவிடும். அதேபோல் நம் வகரம் சொல்லின் முதலில் வரும்போது கன்னடத்தில் பகரமாகிறது. வேர் பேரு, வாய் பாயி, வில் பில்லு, வெள்ளி பெள்ளி. அந்த வரிசையில் நிற்பதால்தான் வேலியும் பேலியும் ஒன்று என்று துணிந்து சொல்கிறோம்.

இதையே ‘டவுன்’ என்ற சொல்லுக்குச் செய்வோம். ஜெர்மனில் இதற்கு உறவு என்று சொல்லப்படுவது ‘ட்ஸவுன்’, பொருள் வேலி. டச்சு மொழியில் ‘டாய்ன்’, பொருள் தோட்டம். ஐஸ்லாந்து மொழியில் ‘டூன்’. பண்ணை வீட்டை ஒட்டிய புல்வெளி. டச்சு உயிரொலியைத் தமிழ் எழுத்தில் சரியாகப் பிடிக்க முடியாது என்பதால் அண்மையான ஒலியில் எழுதுகிறேன். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஐஸ்லாந்து என்ற வரிசையில் வீடு, எலி, பழுப்பு ஆகியவற்றுக்கான சொற்களையும் இதன் கீழே எழுதுங்கள்:

டவுன் – ட்ஸவுன் – டாய்ன் – டூன்
ஹவுஸ் – ஹவுஸ் – ஹாய்ஸ் – ஹூஸ்
மவுஸ் – மவுஸ் – மாய்ஸ் – மூஸ்
ப்ரவுன் – ப்ரவுன் – ப்ராய்ன் – ப்ரூன்

உயிரொலி எப்படிப் பிசகாமல் இறங்குகிறது என்று பாருங்கள். ஐஸ்லாந்தில் பழைய ஊகாரம் அப்படியே நிற்கிறது. ஆங்கிலமும் ஜெர்மனும் தனித்தனியே அதை ‘அவு’ ஆக்கின. டச்சு வேறு வழியில் போனது.

இனி மெய்யொலி. ஆங்கிலத்தில் சொல்முதலில் ‘ட்’ வரும் இடத்தில் ஜெர்மனில் ‘ட்ஸ்’ வர வேண்டும். பத்து என்பது ஆங்கிலத்தில் டென், ஜெர்மனில் ட்ஸேன். நாக்கு டங், ட்ஸுங்கெ. பல் டூத், ட்ஸான். இரண்டு டூ, ட்ஸ்வை. வரிசை பொய்க்கவில்லை. தென்பகுதி ஜெர்மன் பேச்சுகளில் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டு முதல் பரவிய ஒலிமாற்றம் இது. வடக்கே அது போய்ச் சேரவில்லை. அதனால்தான் வட ஜெர்மனியின் தாழ்நிலப் பேச்சில் வேலிக்கு இன்றும் ‘டூன்’ என்ற சொல்லே இருக்கிறது. இந்த மாற்றத்தின் வட எல்லையை மொழியறிஞர்கள் வரைபடத்தில் கோடாகவே போட்டிருக்கிறார்கள். டுஸ்ஸல்டார்ஃபுக்குத் தெற்கே பென்ராத் என்னுமிடத்தில் ரைன் ஆற்றைக் கடப்பதால் அதற்குப் பென்ராத் கோடு என்று பெயர். கோட்டுக்கு வடக்கே ‘செய்தல்’ என்பதற்கு ‘மாக்கன்’ என்றும் தெற்கே ‘மாஹன்’ என்றும் பேசினார்கள். வேலந்தாவளம் சோதனைச்சாவடியைக் கடக்கும்போது ‘தேங்காய்’ ‘தேங்ஙா’ ஆவதைக் கேட்டவர்களுக்கு இது வியப்பாக இராது.

விதிவிலக்கை மறைக்காதீர்கள்

கல் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டோன்’, ஜெர்மனில் ‘ஷ்டைன்’. இங்கே ‘ட்’ மாறவில்லையே என்று கேட்பீர்கள். சகர ஒலிக்குப் பின்னால் வரும் ‘ட்’ மாறாது என்பதே விடை. விண்மீனைக் குறிக்கும் ‘ஸ்டார்’, ‘ஷ்டெர்ன்’ சொற்களிலும் அப்படித்தான். விதி பொய்க்கவில்லை, அதற்கு ஒரு துணைவிதி இருக்கிறது. ஜெர்மானிய மொழிகளின் மெய்யொலி மாற்றங்களை யாக்கோப் கிரிம் 1822இல் ஒழுங்குபடுத்தி எழுதினார். சகோதரர்களாகச் சேர்ந்து நாட்டார் கதைகளைத் தொகுத்தவர்களில் மூத்தவர்தான் இவர். அவருக்குச் சற்று முன்பே, 1818இல், டென்மார்க்கின் ராஸ்மஸ் ராஸ்க் அதே திசையில் நடந்திருந்தார். கிரிம்மின் விதிக்கு அடங்காத ஒரு பெருங்கூட்டம் சொற்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உறுத்திக்கொண்டே இருந்தன. அசையழுத்தம் எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்து அவையும் ஒழுங்காகவே மாறியிருக்கின்றன என்று 1870களில் கார்ல் வெர்னர் காட்டினார். விதிவிலக்குகளை யாரோ ஒருவர் ஒளிக்காமல் எழுதிவைத்ததால்தான் அது முடிந்தது.

ஆகவே உங்கள் நோட்டிலும் எழுதிவையுங்கள். மஞ்சள் மலையாளத்தில் மஞ்ஞள், கஞ்சி கஞ்ஞி, பஞ்சு பஞ்ஞி. ஆனால் இஞ்சி இஞ்சியாகவே இருக்கிறது.

போலி உறவை எப்படிக் கழிப்பது

நான் கல்லூரியில் படித்தபோது எங்கள் கையெழுத்து இதழில், தமிழின் ‘எட்டு’ தான் ஆங்கிலத்தின் ‘எய்ட்’ ஆயிற்று என்று இரண்டு பக்கம் எழுதினேன். ஓசையும் ஒன்று, பொருளும் ஒன்று, வேறென்ன வேண்டும் என்பது அப்போதைய என் நினைப்பு. இதழைப் புரட்டிப் பார்த்த கன்னட நண்பன் ஒருவன், “எங்களுக்கு அது எண்டு, டா” என்று ஒரே வரியில் முடித்துவிட்டான்.

அவன் சொன்னதில் முழு முறையும் அடங்கியிருக்கிறது. இரண்டு சொற்களையும் அவரவர் குடும்பத்துக்குள் பின்னோக்கி நடத்திச் செல்ல வேண்டும். உண்மையான உறவுகள் பின்னே போகப்போக நெருங்கும். போலிகள் பின்னே போகப்போக விலகும். தமிழில் எண்பது, எண்ணூறு, கன்னடத்தில் எண்டு, தெலுங்கில் எனிமிதி. அடியில் மூக்கொலி ஒன்று இருப்பது தெரிகிறது. ஆங்கிலச் சொல்லை எழுதும்போது நடுவில் ஒலிக்காத இரண்டு எழுத்துகளை எழுதுகிறோமே, அவை ஒரு காலத்தில் தொண்டையில் ஒலித்தவை. ஜெர்மனில் அந்த ஒலி ‘அஹ்ட்’ என்று இன்றும் கேட்கிறது. இலத்தீனில் ஒக்டோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட. அந்தப் பக்கம் அடியில் ககர ஒலி. நம் பக்கம் ணகர ஒலி. இன்றைக்குப் பக்கத்தில் நிற்கும் இருவரும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவரையொருவர் அடையாளமே கண்டிருக்க மாட்டார்கள். ‘ஒன்று’, ‘ஒன்’ என்ற இணையையும் இப்படியே கழித்துவிடலாம்.

பொருளின் பாதையை வரையுங்கள்

ஒலி பொருந்திய பிறகே பொருளுக்கு வர வேண்டும். முறையை மாற்றிச் செய்தால் ஆசைக்கேற்ற விடை கிடைக்கும். நம் கட்டங்களில் இப்போது வேலி, தோட்டம், புல்வெளி, நகரம் என்று நான்கு பொருள்கள் இருக்கின்றன. நார்வேயில் ‘டூன்’ பண்ணைக் கட்டடங்களுக்கு நடுவே உள்ள முற்றம். ஸ்காட்லாந்துப் பேச்சில் ‘டூன்’ ஊரையும் குறிக்கும், ஒற்றைப் பண்ணையையும் குறிக்கும். ஒவ்வொரு பொருளையும் ஒரு வட்டத்துக்குள் எழுதி, அண்டை வீட்டுக்குப் போவதுபோல் ஒரே அடியில் எதிலிருந்து எதற்குப் போக முடியும் என்று அம்புக்குறி இடுங்கள். வேலியிலிருந்து நகரத்துக்கு ஒரே தாவலில் போக முடியாது. வேலி, வேலிக்குள் இருக்கும் நிலம், அந்த நிலத்திலுள்ள பண்ணை, பண்ணையைச் சுற்றி எழுந்த சிற்றூர், சிற்றூர் பெருத்து நகரம் என்று படிப்படியாகப் போகலாம். ஆங்கிலம் கடைசிப் படி வரை நடந்தது. டச்சு மொழி இரண்டாம் படியில் தோட்டத்துக்குத் திரும்பியது. அதன் பழைய வடிவத்துக்கும் வேலி என்றே பொருள். ஜெர்மன் வேலியை விட்டு அசையவில்லை. உருவில் மிகச் சிறிய ஒரு குருவியை அவர்கள் ‘வேலி அரசன்’ என்ற பொருளில் ‘ட்ஸவுன்கோனிஷ்’ என்று அழைக்கிறார்கள்.

இந்தப் பாதை நடக்கக்கூடியதுதானா என்ற ஐயம் எழுந்தால், நம் மொழியில் அதற்கு ஈடு இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்பில்லாத மொழிகளில் ஒரே பாதை இருந்தால் அது மனிதர் இயல்பாக நடக்கும் பாதை என்று கொள்ளலாம். தமிழில் வேலி என்பது முள்வேலி மட்டுமன்று. இருபது மா கொண்ட நில அளவும் வேலிதான், ஏறத்தாழ 6.6 ஏக்கர். அடைப்பது அடைபட்டதற்குப் பெயராகிவிட்டது. பட்டி இன்னும் பொருத்தமானது. ஆட்டை அடைக்கும் பட்டியே ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று ஊராகியிருக்கிறது. கன்னடத்தில் நம் பகரம் ஹகரமாகும் என்பதால் பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி என்ற வரிசையில் பட்டி ‘ஹட்டி’ ஆகும். நீலகிரியின் படுகர்கள் தங்கள் ஊரை ஹட்டி என்றே சொல்கிறார்கள். தேநீர்க்கடைச் சேட்டனின் நாய் இந்த வரிசையில் எங்கும் நுழைய முடியாது.

ஒரு எச்சரிக்கை. ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் கதை, பாதைக்குச் சான்றாகாது. நெல்லை மழை நனைக்காதபடி இறைவன் வேலியிட்டுக் காத்ததால் திருநெல்வேலி என்பது தலபுராணம். அது பக்திக்கு உரியது, நோட்டின் மூன்றாவது கட்டத்துக்கு உரியதன்று.

அம்புக்குறி எந்தத் திசையில் போகிறது என்பதையும் பொருளை மட்டும் வைத்து முடிவுகட்ட இயலாது. வேலியிலிருந்து நிலத்துக்கா, நிலத்திலிருந்து வேலிக்கா? இங்கே வேறு சாட்சிகளை அழைக்க வேண்டும். வினைச்சொல் ஒரு நல்ல சாட்சி: பழைய ஆங்கிலத்தில் ‘டூன்’ என்பதிலிருந்து பிறந்த வினைக்கு அடைத்தல், மூடுதல் என்று பொருள். நம் ‘வளை’ என்ற வினை ‘வளவு’ என்ற பெயருக்கும், மலையாளத்தில் வீட்டைச் சூழ்ந்த நிலத்தைக் குறிக்கும் ‘வளப்பு’ என்ற பெயருக்கும் அடியில் நிற்பதைப் போன்றது இது. கடன் வாங்கிய மொழி இன்னொரு சாட்சி. ஸ்லாவிய மொழிகள் மிகப் பழங்காலத்தில் இந்தச் சொல்லை ஜெர்மானியரிடமிருந்து பெற்றன. ரஷ்ய மொழியில் ‘டின்’ என்று ஒலிக்கும் அந்தச் சொல்லுக்கு மரக்கம்பங்களால் ஆன வேலி என்றே பொருள். கெல்திய மொழிகளிலோ இதன் இணையான சொல்லுக்குக் கோட்டை என்று பொருள். அயர்லாந்தில் ‘தூன்’ என்று வழங்கும் அது, இன்று பிரான்சிலுள்ள லியோன் நகரின் பழம்பெயரான லுக்துனுமின் கடைசியிலும் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, சுற்றி அடைத்தல் என்ற கருத்தே நடுவில் இருக்கிறது என்று எழுதுவது பாதுகாப்பானது என்பது என் கருத்து.

கடனா, பிறப்பா

கடைசிக் கட்டமான ‘வந்த வழி’யைச் சுருக்கமாகச் சொல்லலாம். நாம் ஜன்னல் என்கிறோம், மலையாளிகள் ஜனால என்கிறார்கள். இரண்டும் போர்த்துகீசியரிடம் பெற்றவை. நாம் மேசை, அவர்கள் மேச, அதுவும் அப்படியே. இவற்றை வைத்துத் தமிழும் மலையாளமும் உறவு என்று யாராவது நிறுவினால், முடிவு சரியாக இருந்தாலும் வழி தவறு. ஆங்கிலத்தில் இதற்கு அழகான ஓர் இணை உண்டு. முற்றத்தைக் குறிக்கும் ‘யார்ட்’ பிறப்பால் வந்த சொல். ஜெர்மனில் தோட்டத்தைக் குறிக்கும் ‘கார்ட்டன்’ அதன் நேர் உறவு. ஆங்கிலத்தின் ‘கார்டன்’ என்பதோ, ஜெர்மானியச் சொல் ஒன்று பிரான்சுக்குப் போய், பிரெஞ்சு உடை உடுத்திக்கொண்டு ஆங்கிலத்துக்குள் திரும்பி வந்த வடிவம். ஒரே வீட்டில் மகனும், வெளியூரில் வளர்ந்து வந்த பங்காளியும்.

எதைத் திறந்து பார்ப்பது

நம் மொழிகளுக்கு, பரோவும் எமனோவும் தொகுத்து 1961இல் வெளிவந்து 1984இல் திருத்தப்பட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியே முதல் துணை. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் அதையும், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியையும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். மலையாளத்துக்கு 1872இல் வெளிவந்த குண்டர்ட் அகராதியை இன்றும் விஞ்ச முடியவில்லை என்பேன். தலச்சேரியில் வாழ்ந்த அந்த ஜெர்மானியர், ஒரு மலையாளச் சொல்லின் பக்கத்தில் அதன் தமிழ், கன்னட, துளு உறவுகளையும் குறித்துக்கொண்டே போகிறார். ஜெர்மன் சொற்களுக்கு, 1883 முதல் மறுபதிப்புகள் கண்டுவரும் குளூகேயின் சொற்பிறப்பு அகராதி இருக்கிறது.

அகராதியில் கிடைக்காததை வாயால் கேட்டுத்தான் பெற வேண்டும். அப்போது “இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்காதீர்கள், கேட்டால் பள்ளிக்கூடத்து விடை வரும். பொருளைக் காட்டி, “இதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?” என்று கேளுங்கள். எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே சீமைக்கொன்றைக் கம்புகளை ஊன்றி வளர்த்த உயிர்வேலி இருக்கிறது. அடுத்த வீட்டு அம்மாவிடம் ‘வளப்பு’க்கு அர்த்தம் கேட்டபோது வீடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வேலியருகே நின்று, உங்கள் வளப்பு எதுவரை என்று கேட்டேன். அவர் கொன்றைக் கம்பு ஒன்றில் கைவைத்து, “இது வரெ” என்றார். நோட்டின் நான்காவது கட்டத்தில் ‘வீடு’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘வேலி வரையுள்ள நிலம்’ என்று திருத்திக்கொண்டேன்.